பெட்டியிலிருந்து பிஸ்கட் எடுத்த பையனுக்காக ஒரு மடல்

நீலகிரியின் விடுதிப் பள்ளி நிர்வாகிகளுக்கும் வார்டன்களுக்கும் மேட்ரன்களுக்கும்,

வணக்கம்.

ஜூன் மாதம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மலை இறங்கும் கார் பர்லியாறு தாண்டுவதற்குள் பாதிப் பிள்ளைகளின் அழுகை ஓய்ந்துவிடும். "ரெண்டு நாள்ல பழகிடுவாங்கம்மா" என்று பெற்றோரிடம் நீங்கள் சொல்வதும் பெரும்பாலும் பலித்துவிடும். நான் எழுதுவது அழவே அழாத சிலரைப் பற்றி. பக்கத்துக் கட்டில்காரனின் பெட்டியிலிருந்து பிஸ்கட்டை எடுத்துவிட்டு, காகிதத்தைத் தன் தலையணைக்கடியிலேயே வைத்திருப்பான் ஒருவன். மாட்டிக்கொண்ட அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவான். "மனசாட்சியே இல்லாத பய" என்று அவனுக்குப் பேர் வைத்துவிடுகிறோம். குன்னூரில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு உளவியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அவனுக்கு இருக்கும் மனசாட்சி அளவுக்கு மிஞ்சியது என்று சொல்லத்தான் இந்த மடல்.

இந்த மலைக்கு விடுதிப் பள்ளி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த மனநல மருத்துவர் ஃப்ராய்டைவிடப் பழக்கமானது. ஊட்டியில் லாரன்ஸ் பள்ளி தொடங்கிய 1858ல் அவருக்கு வயது 2. அவர் மனத்தை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று பிரித்து எழுதியது 1923ல். பி.எட். படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம்: ஆசைப்படுவது இட், அதட்டுவது சூப்பர் ஈகோ, நடுவில் பஞ்சாயத்துப் பேசுவது ஈகோ. பரீட்சைக்கு இது போதும். ஆனால் சூப்பர் ஈகோவை நல்லொழுக்க வாத்தியார்போல நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு. அதில் பெரும்பகுதி நனவிலியில் கிடக்கிறது, சொந்தக்காரனுக்கே தெரியாமல். செய்த தப்புக்கும், செய்ய நினைத்த தப்புக்கும் அதனிடம் ஒரே தண்டனைதான். வெளியே காட்ட முடியாத கோபமெல்லாம் அதன் கைக்குப் போய், நம்மீதே திரும்புகிறது. அதனால்தான் அடங்க அடங்க அது கடுமையாகிறது என்று 1930ல் எழுதினார். 1933ல் இன்னொன்றும் சொன்னார்: பிள்ளையின் சூப்பர் ஈகோவுக்கு அச்சு, பெற்றோரின் நடத்தை அல்ல, அவர்களுடைய சூப்பர் ஈகோ. ஒருநாளும் கை ஓங்காத அப்பாவின் மகன் தன்னைத்தானே ஓயாமல் கடிந்துகொள்வது இதனால்தான்.

இப்போது ஏழு வயதுப் பையன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அம்மா ஏன் விட்டுவிட்டுப் போனாள்? அம்மா கெட்டவள் என்று நினைக்க அவனால் முடியாது. நினைத்தால் உலகத்தில் அவனுக்கு ஆளே இல்லை. எனவே கெட்டவன் நான்தான் என்று எடுத்துக்கொள்கிறான். ஸ்காட்லாந்தின் உளப்பகுப்பாய்வாளர் ஃபேர்பேர்ன் 1943ல் இதை விளக்கினார். அந்த எண்ணத்தில் ஒரு நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது: நான் நல்லவனாகிவிட்டால் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் குற்றவுணர்வைச் சுமப்பது பெரியவர்களுக்கே முடியாத காரியம். பிஸ்கட் எடுத்தால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது. குற்றத்துக்குப் பின் குற்றவுணர்வு என்ற வரிசை சிலரிடம் தலைகீழாக இருப்பதை ஃப்ராய்டு 1916லேயே எழுதியிருக்கிறார். தண்டனை கிடைத்ததும் பாரம் இறங்கி, பையன் தூங்கிப்போகிறான். அடுத்த வாரம் மறுபடியும் எடுக்கிறான்.

இதையெல்லாம் தப்பென்று காட்டவே வழியில்லை, அதனால் இது அறிவியல் ஆகாது என்பவர்கள் உண்டு. தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்னது அதுதான். இட் எந்த ஸ்கேனிலும் தெரிவதில்லை என்பதும் வாஸ்தவம். எல்லாத் திருட்டுக்கும் குற்றவுணர்வு காரணமுமல்ல. சாயங்காலம் ஆறரைக்கே சாப்பாட்டை முடித்துவிட்டால், ஊட்டிக் குளிரில் ஒன்பது மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். முதலில் அதைப் பாருங்கள்.

பசிக்காக எடுக்காத மற்றவர்களுக்கு என்ன செய்யலாம்? இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் வீட்டைப் பிரிந்த குழந்தைகளுக்காக ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டும் அவருடன் பணியாற்றிய டாரத்தி பர்லிங்கமும் காப்பகங்கள் நடத்தினார்கள். முதலில் எல்லாத் தாதியரும் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சின்னச் சின்னக் குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே தாதியை வைத்தார்கள். உடனே அமைதி வந்துவிடவில்லை. பொறாமையும் பிடிவாதமும் அழுகையும் கூடின. தாதி அறையை விட்டு வெளியே போனாலே ரகளை. ஆனால் சில வாரங்களில் பேச்சிலும் கழிப்பறைப் பழக்கத்திலும் குழந்தைகள் முன்னேறினார்கள். உங்கள் விடுதியிலும் ராத்திரி டியூட்டிக்கு வாரம் ஒரு ஆள் என்று மாற்றாமல், சில பிள்ளைகளுக்கு ஒரே மேட்ரன் என்று வைத்துப் பாருங்கள். அழுகை கூடும். கூடினால் பயந்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

காலை அசெம்பிளியில் பேர் சொல்லி நிறுத்துவதை விட்டுவிடுங்கள். உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கடைசியாக, தவறு செய்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பேச விடுவதில்லை என்ற விதி. 'நான் கெட்டவன், அதனால்தான் அம்மா இல்லை' என்று அவன் மனசுக்குள் ஓடிக்கொண்டிருப்பதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அது. அடுத்த ஆண்டுக்கான விதிப் புத்தகம் அச்சுக்குப் போகும்முன் அந்த வரியை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் ஆசிரியை,
குன்னூர்