உயிர்க்காப்பாளர் வேலைக்கு வேக நீச்சல் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியப் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த கையோடு ஹோட்டல், கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) நீச்சல் குளங்களில் உயிர்க்காப்பாளர் வேலைக்குப் போக நம் பிள்ளைகள் பலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால், வேகமாக நீந்துபவர்கள்கூடத் தேர்வில் திணறுவது கால் உதையில்தான்.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேர்வையே பாருங்கள். கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு 2 நிமிடம் கால்களால் மட்டுமே மிதக்க வேண்டும். பிறகு 20 கெஜம் நீந்தி, 7 முதல் 10 அடி ஆழத்தில் கிடக்கும் 10 பவுண்டு எடையை எடுத்து, இரு கைகளாலும் நெஞ்சோடு பிடித்தபடி மல்லாந்து நீந்தித் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். நீந்தத் தொடங்கியதிலிருந்து ஏணியைத் தொடாமல் கரையேறுவது வரை 1 நிமிடம் 40 வினாடிதான். நீச்சல் கண்ணாடி கூடாது. கைகள் இரண்டும் எடையில் மாட்டிக்கொண்டதும் ஃப்ரீஸ்டைல் உதை பலருக்குக் கைகொடுக்காது, உடல் அமிழ்ந்துவிடும். அதற்குத் தவளை உதைதான் உதவும். அதை முதலில் எடையில்லாமல் பழகுங்கள்.

தனியாக மூச்சடக்கிப் பழகவே கூடாது. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் உடலில் கரியமிலவாயு குறையும். மூச்சு விடும் தவிப்பே தோன்றாது. அதற்குள் பிராணவாயு தீர்ந்து நீருக்கடியிலேயே மயக்கம் வந்துவிடும்.

குளக்கரையில் உட்காருபவருக்குக் கண்தான் முக்கியம். மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. தலை பின்னால் சாயும், வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழும், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும். ஒரு நிமிடத்துக்குள் ஆள் உள்ளே போய்விடலாம். நீரில் வெயில் பட்டுக் கண் கூசி, குளத்தின் அடித்தரை தெரியாவிட்டால் உடனே இடம் மாறுங்கள்.

கரைசேர்த்தவருக்கு மூச்சு இல்லையென்றால் அவசர எண்ணான 999-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பிராணவாயு இல்லாமல்தான் இதயம் நிற்கிறது. அதன்பின் பெரியவர்களுக்கு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கு. அழுத்தம் 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. வாயில் வரும் நுரையைத் துடைத்துக்கொண்டு நேரத்தை விடாதீர்கள். வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்குவது வேண்டவே வேண்டாம். இன்றும் பலர் அதைத்தான் செய்கிறார்கள், வேதனையாக இருக்கிறது.

பினாங்கின் பத்து பெரிங்கி போன்ற கடற்கரையில் பணியாற்ற, குளத்துப் பயிற்சி காணாது. அலை, நீரோட்டம், சொறிமீன் எல்லாவற்றுக்கும் தனிப்பயிற்சி வேண்டும்.

குள நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். சான்றிதழ் செல்லுபடியாகும் காலத்திலேயே கைப்பழக்கம் சில மாதங்களில் மங்கிவிடும். மாதம் ஒரு முறையாவது குளத்தை மூடி, முதலுதவிப் பயிற்சிப் பொம்மையை வைத்து உங்கள் ஊழியர்கள் பயிற்சி செய்ய ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்றுநர்,
தஞ்சோங் பூங்கா, பினாங்கு