கரை இலக்கமும் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாய்மரப் படகில் நெடும்பயணம் போவது பற்றிய உங்கள் கட்டுரை ஜி.பி.எஸ். கருவியோடு நின்றுவிட்டது. மின்கலம் தீர்ந்தால் அது வெறும் பெட்டி. அச்சிட்ட கடல் வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் எப்படிப் போவது? படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசை அபாய அழைப்புக்கு உரியதுதான். ஆனால் மலை மறைத்தால் எங்கள் தோட்டத்தில் கையடக்கத் தொலைபேசி ஊமையாவதுபோல, அடிவானம் தாண்டினால் அதுவும் எட்டாது. ஆழ்கடலில் கைகொடுப்பது, செய்மதி வழியே மீட்பு மையத்துக்குத் தகவல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி. (பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் வகையின் அழைப்பைக் கேட்பதைச் செய்மதிகள் 2009இலேயே நிறுத்திவிட்டன. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள்.) கருவியைப் பதிவு செய்யும்போது தரும் கரைத் தொலைபேசி இலக்கத்தை அழைத்துத்தான் மீட்பு மையம் விசாரிக்கும். படகு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், மழைக்கே சிக்னல் அறுந்துபோகும் தோட்டத்து லயன் வீட்டு இலக்கத்தோடு நகரத்து உறவினர் ஒருவருடையதையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்.