புது வேலிக்கு ஸ்டெயின் அடிக்கும் முன்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது.

பிராம்ப்டன் வீட்டின் பின்புறம் நீங்கள் எழுப்பியிருக்கும் மரவேலியின் படங்களைப் பார்த்தேன். பலகைகளில் இலேசாகப் பச்சை ஓடுகிறதே, மரம் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தாய். கெடவில்லை, அம்மா. பூஞ்சையும் கறையானும் அண்டாதிருக்கச் செம்பு கலந்த மருந்தைப் பைன் மரத்துக்குள் அழுத்தம் கொடுத்து ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் செம்பின் நிறம்தான் அது. மருந்தோடு தண்ணீரும் உள்ளே போயிருப்பதால் மரம் இன்னும் ஈரமாகவே இருக்கும். ஆகையால் மரத்தைக் காக்கும் பூச்சான ஸ்டெயினை இந்த வாரக் கடைசியிலேயே அடித்துவிடலாம் என்கிற மாப்பிள்ளையைச் சற்றுப் பொறுக்கச் சொல்.

மரம் காயச் சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். பலகையின் மேல் விரல் நுனியால் தண்ணீர் தெளித்துப் பார். துளி முத்தாக உருண்டு நின்றால் காத்திரு. சில நிமிடங்களில் சுற்றிலும் கருமை படர்ந்து உள்ளே இழுபட்டுவிட்டால் மரம் தயார். வெயில் படும் பக்கம் முந்திக் காய்ந்துவிடும், அதை நம்பாமல் நிழல் பக்கத்தில் சோதித்துப் பார்.

முற்றிலும் தெளிவான ஸ்டெயினில் நிறமி இல்லாததால் வெயில் தடைபடாமல் இறங்கி, மரம் விரைவில் சாம்பல் பூத்துவிடும். மரத்தின் ரேகையே தெரியாமல் மூடும் கெட்டியான வகை வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் உரியத் தொடங்கினால் சுரண்டி எடுக்கும் வேலை உயிரை வாங்கும். புது மரத்துக்கு, ரேகையும் தெரிந்து நிறமும் ஏறும் நடுத்தர வகையையே நான் வாங்குவேன். வெளிறும்போது கழுவிக் காயவிட்டு மேலே இன்னொரு கை அடித்தால் போதும். அடியில் பச்சை இருப்பதால் டப்பாவில் காட்டிய நிறம் அப்படியே வராது. மிஞ்சிய துண்டுப் பலகையில் அடித்து, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்.

எல்லா டப்பாக்களையும் ஒரே வாளியில் ஊற்றி, அடியில் தங்கும் நிறமியைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நேர்வெயில் விழாத பக்கமாகத் தொடங்கி, ஒரு பலகையை மேலிருந்து கீழ்வரை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நடுவில் நிறுத்தினால் காய்ந்த விளிம்பின்மேல் மறுபூச்சு ஏறிக் கரும்பட்டை விழும். பலகையின் தலையிலும் காலிலும் உள்ள வெட்டுமுகம்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அங்கே இரண்டு மூன்று முறை தடவு. உருகும் பனி முதலில் ஏறுவது காலில்தான் என்பதால், பிரஷ் நுழையவில்லை என்று அதை விட்டுவிடாதே.

எண்ணெய் ஸ்டெயின் வாங்கினால் துடைத்த துணிகளில் மிகுந்த கவனம் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பயிற்றுநராக இருந்தபோது, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகள் மூலையில் குவிந்து கிடப்பதைக் கவனியாமல் ஒரு மாலை பட்டறையைப் பூட்டிவிட்டேன். காலையில் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. குவியலின் நடுவில் துணி கரியாகியிருந்தது. யாரும் நெருப்பு வைக்கவில்லை. எண்ணெய் காற்றோடு கூடி உலரும்போது எழும் சூடு, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறியிருக்கிறது. ஆகவே துணிகளைக் கராஜில் குவிக்காமல், வெளியே ஒவ்வொன்றாக விரித்து விறைக்கும்வரை உலர்த்து. இல்லையேல் மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் நிரப்பி அதில் அமுக்கி வை. இதை மாப்பிள்ளையிடமும் வாசித்துக் காட்டு.

துண்டுப் பலகை காய்ந்ததும் படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா