குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பொதுக்குழு போன மாதமே நடந்திருக்க வேண்டியது. 120 வீடுகளில் அன்று வந்தவர்கள் 19 பேர், அதனால் ஒத்திவைத்தோம். இன்று 43 பேர் வந்திருக்கிறீர்கள். நன்றி.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏற்றினோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. அங்கன்வாடிக்கு இரண்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தோம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியதும், கல்யாணமாகித் தனியாக வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்காகப் பலர் வந்து கேட்டீர்கள். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை இருந்தால் நலிந்த பிரிவில் வரலாம். கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் என்று அந்தக் குடும்பத்தில் யார் பேரிலும் நாட்டில் எங்கேயும் காரை வீடு இருக்கக் கூடாது. கேட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன்.

இனி மோட்டார் விஷயம். அக்டோபர் நடுவில் பெய்த மழையில் மோட்டார் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மோட்டார், சுவிட்ச் போர்டு இரண்டுமே போய்விட்டன. மூன்று நாள் லாரித் தண்ணீர்தான். ஒன்பது மாடிக்கும் குடம் தூக்கியது பெண்கள். அப்போதே முடிவு செய்தேன், அடுத்த மழைக்கு இது நடக்கக் கூடாது என்று. ஐந்தாவது மாடியில் இருக்கும் கொத்தனார் அண்ணன் கூலி வாங்காமல் மூன்றடி உயரத்துக்கு மேடை கட்டிக் கொடுத்தார். போர்டைச் சுவரில் தலை உயரத்துக்கு ஏற்றினோம். பழைய மோட்டாருக்குக் காயில் சுற்றி, அதை மாற்று மோட்டாராக வைத்திருக்கிறோம். இதற்காக நான் எட்டு நாள் தையல் வேலைக்குப் போகவில்லை. சிமெண்ட் மூட்டையிலிருந்து ஒயர் வரை எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. "செயலாளர் காசு அடித்துவிட்டார்" என்று படிக்கட்டில் பேசியவர்கள் அந்தப் பில்களை ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம். இன்றுவரை யாரும் வரவில்லை. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது குழாயில் தண்ணீர் வருவது ஒருவேளைகூட நிற்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

லிப்ட் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டில் ஒன்று 41 நாள் நின்றது, அதில் நான்கு நாள் இரண்டுமே ஓடவில்லை. அந்த நான்கு நாளில்தான் எட்டாவது மாடிப் பெரியவர் காலமானார். அவர் உடலைப் படிக்கட்டு வழியாக இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் பாடையைச் சாய்க்க வேண்டியிருந்தது. அவர் வீட்டம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினார். பழுதுபார்க்கும் நிறுவனம் பழைய பாக்கியைக் கேட்டது, கொடுக்க நம்மிடம் பணம் இல்லை. இதை எழுதாமல் விட்டால் இந்த அறிக்கைக்கு அர்த்தமில்லை.

பணம் ஏன் இல்லை? நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளுக்கு 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு திட்டம் இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் பராமரிப்புக்கு வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் தன் பங்கைத் தரும். நாம் 100 ரூபாய் கட்டினால் சங்கத்துக்கு 200 ரூபாய். நாம் கட்டாவிட்டால் அந்த இரண்டு நூறுமே இல்லை. 120 வீடுகளில் மாதாமாதம் தவறாமல் கட்டியவை 47. அவ்வப்போது கட்டியவை 30 இருக்கும். மீதி வீடுகளில் கதவைத் தட்டித் தட்டி எனக்குக் கை வலிக்கிறது.

கீழ்த்தளத்தில் இருப்பவர்கள், நாங்கள் லிப்டில் ஏறுவதே இல்லை என்கிறார்கள். சரி, ஆனால் உங்கள் குழாய்க்கும் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்துதானே வருகிறது? இன்னும் சிலர் ஒதுக்கீடு பெற்ற வீட்டை உள்வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கேட்டால் குடியிருப்பவர் கட்டுவார் என்கிறார், குடியிருப்பவரைக் கேட்டால் வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும் என்கிறார். நான் நடுவில் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறேன்.

நம்மில் பலர் பிறந்தது இதே இடத்தில் இருந்த மூன்று மாடிக் கட்டிடத்தில். 1970-ல் குடிசை மாற்று வாரியம் (அதுதான் இன்றைய வாழ்விட மேம்பாட்டு வாரியம்) வந்த பிறகு, 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று சொல்லிக் கட்டிய வீடுகள் அவை. கூரையில் கம்பி தெரிந்தது, கழிவறையில் ஒழுகியது, யாரும் பார்க்கவில்லை. கட்டிக் கொடுப்பதோடு அரசின் வேலை முடிந்தது என்று அவர்களும் இருந்தார்கள், அரசு வீடுதானே என்று நாமும் இருந்தோம். கடைசியில் இடிக்கத்தான் வேண்டியிருந்தது. இப்போது இருக்கும் வீட்டுக்கு மத்திய அரசு 1.5 லட்சம் கொடுத்தது, மாநில அரசு பெரும்பங்கு போட்டது, நாமும் நகையை அடகு வைத்து நம் பங்கைக் கட்டினோம். தனிக் கழிவறை, தனிச் சமையலறை, வீட்டுக்குள் குழாய். என் அம்மா இதைப் பார்க்க இல்லையே என்று நான் அழுதிருக்கிறேன். இந்தக் கட்டிடமும் அப்படி ஆகிவிடக் கூடாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மோட்டார் செலவு போக வரவும் செலவும் கிட்டத்தட்ட சரியாக இருக்கின்றன. கையிருப்பு சொற்பம், லிப்ட் பாக்கி இன்னும் கொஞ்சம் நிற்கிறது.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், துப்புரவுப் பணியாளர்கள், வார்டு உறுப்பினர், வாரிய அலுவலர்கள் எல்லோருக்கும் நன்றி. கொத்தனார் அண்ணனுக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டில் லிப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட வேண்டும். மழைக்கு முன் சம்ப்பைக் கழுவ வேண்டும். 90 வீடுகள் தவறாமல் கட்டினால் இரண்டும் முடியும். 47 வீடுகள்தான் என்றால், யார் செயலாளராக இருந்தாலும் முடியாது. மூன்று வருடம் பார்த்துவிட்டேன். வேறு யாராவது முன்வந்தால் மோட்டார் அறைச் சாவியையும் பில் கோப்பையும் இன்றே கொடுத்துவிடத் தயார். யாரும் வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் பார்க்கிறேன், ஆனால் தனியாகக் கதவு தட்ட மாட்டேன். மாடிக்கு ஒருவர் என்னோடு வர வேண்டும்.

ரசீதுப் புத்தகம் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் ஏப்ரல், மே மாதத் தொகையைக் கட்டலாம்.

இப்படிக்கு,
செயலாளர்