பழியை ரசிகன் தலையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீளமான படங்கள் ஏன் எடுபடுவதில்லை என்று உங்கள் சினிமா பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மக்களுக்குப் பொறுமை போய்விட்டது, கைக்குச் செல்போன் வந்த பிறகு யாராலும் ஒரு கதையை முழுசாக உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். படம் எடுத்தவரை ஒரு கேள்வியும் கேட்காமல், டிக்கெட் வாங்கி உள்ளே போனவன் தலையில் மொத்தப் பழியையும் போட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' என்ற ஹாலிவுட் கடல் கொள்ளைக்காரர் படத்தின் மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'அட் வேர்ல்ட்ஸ் எண்ட்', 2007 மே மாதம் வந்தது. அன்றைக்கு இன்றுபோல் ஆளுக்கொரு ஸ்மார்ட்போன் கிடையாது. அப்படியும் பல விமர்சகர்களும் ரசிகர்களும் சொன்ன புகார் இதுதான்: ரொம்ப நீளம், யார் யாருக்காகச் சண்டை போடுகிறார்கள் என்றே புரியவில்லை. 2003இல் வந்த முதல் பாகம் 2 மணி 23 நிமிடம், 2006இல் வந்த இரண்டாவது இரண்டரை மணி நேரம், மூன்றாவது கிட்டத்தட்ட 2 மணி 50 நிமிடம். முதல் பாகமும் ஒன்றும் சின்னப் படமில்லையே, அதை நீளம் என்று குறை சொல்லி நான் யாரிடமும் கேட்டதில்லை. அதன் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சாபம் பிடித்த கொள்ளைக்காரர்களுக்குக் கடைசித் தங்கக் காசும் டர்னர் வம்சத்து ரத்தமும் வேண்டும், அவ்வளவுதான். யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டால் பிறகு எத்தனை திருப்பம் வந்தாலும் மனசு கூடவே ஓடும்.

மூன்றாம் பாகத்தில் அது நடக்கவில்லை. கதாநாயகன் ஜாக் ஸ்பாரோ என்ற கொள்ளைக்காரனைச் செத்தவர்கள் உலகத்திலிருந்து மீட்டுக்கொண்டு வருகிறார்கள். வந்த உடனே, அப்பாவைக் காப்பாற்ற பிளாக் பேர்ல் கப்பல் வேண்டும் என்பதற்காக வில் டர்னர் என்ற இளைஞன் ஏற்கெனவே சாவ் ஃபெங் என்ற சிங்கப்பூர்க் கொள்ளைத் தலைவனோடு ஒப்பந்தம் போட்டிருந்தது தெரியவருகிறது. அந்த சாவ் ஃபெங் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி பெக்கெட்டோடு இன்னொரு ஒப்பந்தம் போட்டிருக்கிறான், பெக்கெட் அவனுக்கே கப்பலைக் கொடுக்காமல் ஏமாற்றுகிறான், உடனே சாவ் ஃபெங் இன்னொரு கொள்ளைக்காரக் கேப்டன் பார்போசாவோடு கைகோத்துக்கொண்டு, வில்லின் காதலி எலிசபெத்தைக் கடல் தேவதை காலிப்சோ என்று தவறாக நினைத்துக் கூட்டிக்கொண்டு போகிறான், அதே நேரத்தில் அந்தப் பக்கம் ஜாக் பெக்கெட்டோடு தனியாகப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான். இதெல்லாம் சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது! எழுதுகிற எனக்கே மூச்சு வாங்குகிறது.

இதை வீட்டில் போட்டுப் பார்த்தோம். அக்கா மகன் நல்ல கெட்டிக்காரன், முதல் இரண்டு பாகத்தையும் வசனத்தோடு சொல்லுவான். கடல் நடுவில் ஒரு மணல்திட்டில் மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம் நின்று பேசும் காட்சி வருமே, அங்கே பெக்கெட்டுக்கும், ஃப்ளையிங் டச்சுமேன் என்ற பேய்க்கப்பலின் தலைவன் டேவி ஜோன்ஸுக்கும் பக்கத்தில் வில் நிற்கிறான். "மாமா, இப்ப இவன் யார் கட்சி?" என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் வில்லை இந்தப் பக்கம் அனுப்பி ஜாக்கை அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். பையன் அதற்குமேல் கேட்கவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அவனுக்கு எது புரிந்தால் அக்கறை வருமோ அதைப் படம் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை. இதைப் பொறுமைக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

அதே படத்தில் கொள்ளைக்காரர் சபை தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் காட்சியும் இருக்கிறது. ஆளாளுக்குத் தன் பெயரையே சொல்லி ஓட்டுப் போடுகிறார்கள், ஜாக் மட்டும் எலிசபெத்துக்குப் போடுகிறான். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம், அந்தப் பையனும் கைதட்டினான். அங்கே ஒவ்வொருத்தனுக்கும் என்ன ஆசை என்பது பளிச்சென்று தெரிகிறது, கணக்கு அவ்வளவுதான். சுழலுக்குள் இரண்டு கப்பல்கள் சுற்றிக்கொண்டிருக்க, வாளை வீசிக்கொண்டே வில்லும் எலிசபெத்தும் பார்போசாவை வைத்துக் கல்யாணம் செய்துகொள்ளும் இடமும் அப்படித்தான். இவ்வளவு நல்லதை எடுக்கத் தெரிந்தவர்கள் என்பதால்தான் கோபமே வருகிறது.

இன்னொன்று, கடல் முழுக்க இரண்டு பக்கமும் கப்பல் படையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கடைசியில் பிளாக் பேர்லும் ஃப்ளையிங் டச்சுமேனும் மட்டும் மோதுகின்றன, மற்றதெல்லாம் வேடிக்கை பார்க்கிறது. காலிப்சோவை விடுதலை செய்யத்தான் பார்போசா படம் பூராவும் பாடுபட்டான், அவளோ மலை மாதிரி வளர்ந்து நண்டுக் கூட்டமாகக் கொட்டிப் போய்விடுகிறாள்.

அப்புறம் முடிவு. டச்சுமேன் கப்பலுக்குத் தலைவனாகிவிட்ட வில் பத்து வருடம் கடலில் இருக்க வேண்டும், ஒரே ஒரு நாள்தான் கரைக்கு வரலாம். அந்தப் பத்து வருடம் கழித்து எலிசபெத் மகனோடு கடலோரத்தில் காத்து நிற்கிற காட்சியை, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு வைத்தார்கள். நம் தியேட்டர்களில் பெயர் ஓட ஆரம்பித்ததுமே லைட்டைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள், பாதிப் பேர் வண்டி எடுக்கப் போயிருப்பார்கள். இவ்வளவு நேரம் உட்கார்ந்தவனுக்குச் சேர வேண்டிய காட்சி அது. அதிலும் வில்லுக்கு விடுதலை கிடைத்ததா, இல்லை திரும்பவும் கடலுக்குப் போக வேண்டுமா என்று சொல்லவில்லை. 2017இல் வந்த ஐந்தாம் பாகத்தில் மகன் ஹென்றி அப்பாவின் சாபத்தை நீக்க அலைகிறான் என்று பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே தெளிவானது.

இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் சேர்த்தே படமாக்கினார்கள், மூன்றாவதன் திரைக்கதை முழுசாக முடியாமலேயே வேலை நடந்தது. செலவு சுமார் 30 கோடி டாலர். அப்படியும் ரசிகர்கள் கைவிடவில்லை. சுமார் 96 கோடி டாலர் வசூல், அந்த வருடம் உலகத்திலேயே அதிகம் வசூலித்த படம் இதுதான். பொறுமை இல்லாதவர்களா அவ்வளவு பேர் போய் உட்கார்ந்தார்கள்?

எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வயசானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் எல்லாரும் பாய் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். மேடைக்கு யார் வந்தாலும் கட்டியங்காரன் முன்னால் நின்று, வருவது யார், எதற்கு வருகிறார் என்று கேட்டு வாங்கிச் சபைக்குச் சொல்லிவிடுவான். நடுவில் தூங்கி எழுந்தவன்கூட துரியோதனன் என்ன கேட்கிறான் என்று தெரிந்துகொண்டு பார்க்கலாம். இப்படிப் பார்த்து வளர்ந்த ஜனங்களிடம் மூன்று மணி நேரத்துக்குப் பொறுமை இல்லை என்று எழுதாதீர்கள்.

உங்கள் விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும் படங்களுக்கு விமர்சனம் எழுதும்போது, முந்தைய பாகம் பார்க்காதவனுக்குப் புரியுமா, பார்த்தவனுக்காவது புரியுமா, எந்த இடத்தில் கதை கை நழுவுகிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். படம் எத்தனை நிமிடம் என்பதையும் போடுங்கள். பெயர் ஓடி முடிந்த பிறகு காட்சி இருந்தால், கதையைச் சொல்லாமல் அதை மட்டும் குறிப்பிட்டுவிடுங்கள், குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செய்யாறு.