மீன்பிடித் தடைக்காலத்தில் பள்ளிக் கணினி அறையைத் திறந்து விடுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதி நடுநிலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கல்வி உரிமைச் சட்டப்படி உங்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அதனால் வாத்தியார்களை விட்டுவிட்டு நம் வீட்டுச் சங்கதியைப் பேசுகிறேன்.

செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பிள்ளைக்குச் சோறு ஊட்டாத வீடு நம் கரையில் எத்தனை இருக்கிறது? அப்பா கடலில், அம்மா கடல்பாசி எடுக்கப் போயிருப்பார். அப்பத்தா பாவம், என்ன செய்யும்? இரண்டு வயது வரை திரையே வேண்டாம், உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசினால் போதும் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். (கீழக்கரையில் துபாய் வாப்பாவைப் பார்க்கும் பிள்ளைகள் தப்பித்தார்கள்.) ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் பெரியவர் கண்காணிப்பில். நேரத்தையாவது குறைத்துவிடலாம். கூட உட்கார ஆள் இல்லாததுதான் நமக்குப் பெரிய குறை.

பிள்ளையோடு திரை முன்னால் உட்காரச் சொன்னால், "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே" என்று அப்பாமார் நழுவுகிறார்கள். தெரியாதாம்! ஜிபிஎஸ் பார்த்து வலை இறக்குகிறவர்கள் பேசுகிற பேச்சா இது? காற்று வரைபடத்தைப் பள்ளிக் கணினியில் திறந்து, மவுஸை மகள் கையில் கொடுக்கட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுத்து எழுத்தாகத் தேடி 'பாம்பன்' என்று தட்டுவாள். அம்புக்குறி வடக்கிலிருந்து இறங்கினால் வாடை, மேற்கிலிருந்து வந்தால் கச்சான் என்று சொல்ல அப்பாவை விட்டால் யார்? வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) ஏன் அடங்கிக் கிடக்கிறது என்று அவள் கேட்காமல் விடமாட்டாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கோடை விடுமுறையும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். அப்பாமார் கரையில் வலை பொத்திக்கொண்டும் சீட்டு விளையாடிக்கொண்டும் இருப்பார்கள். கணினி அறை பூட்டிக் கிடக்கும். வாரம் இரண்டு நாள், சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை கிடையாது, அவர்களுக்கு ஞாயிறு வையுங்கள். ஒரே நிபந்தனை: பிள்ளை தனியாக வந்தால் உள்ளே விடக்கூடாது. அம்மா, அப்பா, அப்பத்தா, யாராவது ஒருவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும்.

மார்ச் மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். சாவி யாரிடம் இருப்பது, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதையும் அங்கேயே பேசி முடித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்துத் தாய் ஒருத்தி