ஆயிரம் பாஸ், கோல் மட்டும் இல்லை

அன்புள்ள நண்பா,

உன் மெயில் வந்து வெகுநாள் ஆகிவிட்டது, பதில் போடாததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். வீடு மாறினோம், பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் பெரியவளுக்குப் பரீட்சை வந்துவிட்டது, எனக்கு ஆபீஸில் வருடக் கணக்கு முடிக்கிற நேரம், சரி, சாக்குச் சொன்னது போதும். முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் முனகுகிறது. நீ பள்ளிக்கூடப் பெண்கள் அணிக்குக் கோச் ஆகிவிட்டாய் என்று படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்டா, ஆடுகிற காலத்தில் கோச் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் வாங்காதவன் நீ!

விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் முழுக்கப் பந்து உன் பெண்கள் காலில்தான், எதிரணி மொத்தமும் தங்கள் கோலுக்கு முன்னால் பாக்ஸுக்குள் குடியேறிவிட்டது, எவ்வளவு முட்டியும் கோல் விழவில்லை, கடைசியில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே கார்னரில் தலையால் முட்டி ஜெயித்துவிட்டுப் போனார்கள் என்று எழுதியிருந்தாய். "இதெல்லாம் ஒரு ஆட்டமா" என்று அந்தக் கோச்சை ஒரு பத்தி முழுக்கத் திட்டியும் இருக்கிறாய். அதில் மட்டும் உன் பக்கம் வர மாட்டேன். நம்மைவிட நன்றாக ஆடுகிற அணி எதிரே நின்றால், இடம் கொடுக்காமல் பின்னால் இறங்கி நிற்பது புத்திசாலித்தனம்தானே. 2004 யூரோவில் கிரீஸ் என்ன செய்தது? காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக், ஃபைனலில் போர்ச்சுகல், மூன்றையும் 1-0 என்றே முடித்தது, அதுவும் போர்ச்சுகலை அதன் சொந்த மண்ணில், சரிஸ்டியாஸ் கார்னரில் தலையால் முட்டிப் போட்ட கோலில். உன் பெண்கள் வாங்கிய அதே கோல். அன்றைக்குக் கிரீஸுக்காகக் கத்தியவன் யார் என்று சொல்லட்டுமா?

பிரச்சினை உன் பக்கத்தில்தான் இருக்கிறது, அதை நாம் இருவரும் பல வருடம் பார்த்துப் பார்த்து நொந்திருக்கிறோம், ஏனென்றால் நாம் ஸ்பெயின் ரசிகர்கள். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யா ஐந்து டிஃபெண்டர்களை வரிசையாக நிறுத்திவிட்டது. ஸ்பெயின் ஆயிரம் பாஸுக்கு மேல் போட்டது, கிடைத்த ஒரே கோலும் இக்னாஷெவிச் தன் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்டது. 1-1, பெனால்டியில் தோல்வி, ரஷ்ய கோல்கீப்பர் அகின்ஃபீவ் கடைசிப் பந்தைக் காலால் தட்டிவிட்டது உனக்கு மறந்திருக்காது. 2021-ல் யூரோவில், செவில்லில் ஸ்வீடனோடு 0-0. அப்புறம் 2022 டிசம்பர் 6, உலகக் கோப்பையில் மொராக்கோ. மறுபடியும் ஆயிரம் பாஸ், 120 நிமிடம், 0-0, பெனால்டியில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. உலகக் கோப்பைக்கு வருமுன் ஆளுக்கு ஆயிரம் பெனால்டியாவது அடித்துப் பழகுங்கள் என்று அப்போதைய ஸ்பெயின் கோச் லூயிஸ் என்ரிக்கே வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார், அது வேறு கதை.

அந்த மொராக்கோ ஆட்டத்தை நான் போன மாதம் திரும்பவும் பார்த்தேன். (மனைவி கேட்டாள், தோற்ற ஆட்டத்தை எதற்குத் திரும்பப் பார்க்கிறீர்கள் என்று. என்னிடம் பதில் இல்லை.) இந்தத் தடவை பந்தைப் பார்க்காமல் மொராக்கோ டிஃபெண்டர்களின் கால்களை மட்டும் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, பாதி நேரம் அவர்கள் ஓடவே இல்லை. ஸ்பெயின் பந்தை இடது விங்கில் இருந்து பின்னால் கொண்டுவந்து, சென்டர் பேக் (நடுவில் நிற்கிற டிஃபெண்டர்) இரண்டு பேர் வழியாக வலது விங்குக்குக் கொண்டுபோய், அங்கே வழி இல்லை என்றதும் அதே பாதையில் திரும்பிக்கொண்டிருந்தது, ஒரு பெரிய 'ப' வரைவதுபோல. அந்தப் 'ப'வுக்கு உள்ளே, அதாவது மொராக்கோ நடுக்கள ஆட்டக்காரர் அம்ராபத்துக்குப் பின்னாலும் சென்டர் பேக்குகளுக்கு முன்னாலும் இருக்கிற அந்தக் கொஞ்சூண்டு இடத்துக்குப் பந்து போகவே இல்லை. ஒவ்வொரு தடவை பந்து பக்கம் மாறும்போதும் மொராக்கோ மொத்தமும் நாலைந்து அடி நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரம் யார் வேண்டுமானாலும் நகரலாம், நம் முழங்காலோடு நாம்கூட.

பந்தை வைத்திருப்பது நமக்கு நிம்மதி, எதிரணிக்கு அதைவிட நிம்மதி. டிஃபெண்டருக்குக் கஷ்டம் வருவது எப்போது தெரியுமா, இரண்டில் எதைச் செய்வது என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டி வரும்போது. தன் ஆளோடு போவதா, இருக்கிற இடத்திலேயே நிற்பதா? அந்தக் கேள்வியை ஸ்பெயின் அன்றைக்குக் கேட்கவே இல்லை. நிகோ வில்லியம்ஸ் 75-வது நிமிடத்தில் உள்ளே வந்து நேரே ஆளைத் தாண்ட ஆரம்பித்தபோதுதான் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அவரையும் பெனால்டிக்கு முன்னால் வெளியே எடுத்தார்கள், சரபியாவை இறக்கினார்கள், அவர் கடைசி நிமிடத்தில் அடித்தது போஸ்ட், பெனால்டியில் அடித்ததும் போஸ்ட்.

அதே மொராக்கோவை அரையிறுதியில் பிரான்ஸ் என்ன செய்தது பார். ஐந்தாவது நிமிடத்திலேயே தியோ எர்னாண்டஸ் ஒரு கோல் போட்டுவிட்டார், அதோடு மொராக்கோ வெளியே வந்தே ஆக வேண்டிய நிலைமை. 2-0. முதல் கோல் சீக்கிரம் விழுந்துவிட்டால், கோலுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தியதுபோல அடைத்து நிற்கிற அணி அந்தப் பஸ்ஸை எடுத்துத்தான் ஆக வேண்டும், அதனால்தான் இப்படிப்பட்ட அணிகளோடு முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அவ்வளவு முக்கியம், அவர்கள் வரிசையில் செட்டாகி மூச்சு வாங்குவதற்கு முன்னாலேயே பாய்ந்துவிட வேண்டும். உன் பெண்கள் மெதுவாக ஆரம்பிப்பார்கள் என்று நீயே எழுதியிருந்தாய்.

இப்போது 2024 யூரோவில் ஜார்ஜியா ஆட்டத்தை எடுத்துக்கொள். ஜார்ஜியாவும் பின்னால்தான் நின்றது, அதைவிட மோசமாக 18-வது நிமிடத்திலேயே ஸ்பெயின் ஓன் கோல் வாங்கிப் பின்தங்கியும் இருந்தது. பழைய ஸ்பெயினாக இருந்தால் நாம் அங்கேயே டிவியை அணைத்திருப்போம். முடிவு 4-1. ஒரு பக்கம் யமால், இன்னொரு பக்கம் நிகோ, இரண்டு பேரும் கோட்டை ஒட்டி அகலமாக நின்றார்கள், பந்து வந்தால் எதிரே இருக்கிறவனை நேருக்கு நேர் இழுத்தார்கள். ஒருத்தனால் சமாளிக்க முடியாது என்றதும் உதவிக்கு இரண்டாவது ஆள் வந்தான், அவன் விட்டுவிட்டு வந்த இடம் நடுவில் காலியானது. ரோட்ரி பாக்ஸ் விளிம்பில் இருந்து தரையோடு அடித்த முதல் கோலைத் திரும்பப் போட்டுப் பார், அவரைச் சுற்றி யாருமே இல்லை. பாஸ் கொடுத்தது நிகோ.

உன் அணியில் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பாய், தெரியும். ஆனால் அந்த இடதுகால் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாயே, ஒரு ஆளைத் தாண்டிவிடுவாள், ஆனால் பந்தை நிறைய இழக்கிறாள் என்று. இழக்கட்டும்டா. எதிராளி கோல் பக்கத்தில் விங்கில் பந்து போனால் குடி முழுகிவிடாது. அவளைக் கோட்டை ஒட்டி நிற்க வை, மற்றவர்கள் எல்லாம் வலது பக்கமாகக் கூட்டமாக ஆடி எதிரணியை அங்கே இழுத்துவிட்டு, திடீரென்று ஒரே பாஸில் பந்தை அவளுக்கு அனுப்பட்டும். நாலு பாஸில் அனுப்பினால் பலன் இல்லை, அதற்குள் எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

உயரமான பெண் இரண்டு பேரை முன்னால் நிறுத்திக் கிராஸ் போடப் போகிறேன் என்றாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தூரத்தில் இருந்து தூக்கிப் போடுகிற பந்தை டிஃபெண்டர் முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டே வந்து முட்டி வெளியே தள்ளிவிடுவாள், அவளுக்கு அதைவிடச் சுலபமான வேலை கிடையாது. கோல் லைன் வரைக்கும் போய், அங்கிருந்து தரையோடு பின்பக்கமாகக் கொடுக்கச் சொல். அப்போது டிஃபெண்டர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள், முதுகுக்குப் பின்னால் பெனால்டி ஸ்பாட் பக்கம் யார் வருகிறார்கள் என்று பார்க்கவே முடியாது. காலில் பட்டு உள்ளே போனாலும் கோல்தான்.

இன்னொன்று, இதைப் பழக்குவதுதான் ரொம்பக் கஷ்டம். பந்து கிடைக்காது என்று தெரிந்தும் ஓடுகிற ஆள் வேண்டும். பத்துத் தடவை ஓடினால் ஒன்பது தடவை பந்து வராது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு டிஃபெண்டரை இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டு போகிறாள், அந்த இரண்டடிதான் மற்றவளுக்குத் திரும்பி அடிக்கக் கிடைக்கிற இடம். எல்லாரும் பந்தைக் காலுக்கே கேட்டால் யாருக்கும் இடம் இருக்காது. 2022 ஏப்ரலில் அட்லெட்டிகோ மாட்ரிட் மான்செஸ்டர் சிட்டி மைதானத்துக்கு வந்து ஐந்து, ஐந்து என்று இரண்டு வரிசை கட்டி நின்றது ஞாபகம் இருக்கிறதா, முன்னால் யாருமே இல்லை. எழுபது நிமிடம் கதவு திறக்கவில்லை. அப்போதுதான் உள்ளே வந்த ஃபோடன் அந்த நெரிசலுக்குள் பந்தை வாங்கித் திரும்பி ஒரு பாஸ் கொடுத்தார், டி புரூய்னே ஓட்டத்தோடு உள்ளே நுழைந்து அடித்தார். ஒரு திரும்பல், ஒரு ஓட்டம். 1-0.

கார்னர், ஃப்ரீ கிக் பயிற்சியை நீ மட்டமாக நினைக்கிறாய், அதை மட்டும் மாற்றிக்கொள், இப்படிப்பட்ட ஆட்டத்தில் உங்களுக்குத்தானே கார்னர் கொத்துக் கொத்தாகக் கிடைக்கும். அப்புறம், எல்லாரும் மேலே போய்விட்டால் பின்னால் யார்? 2012-ல் டெர்ரி வெளியேறிப் பத்துப் பேரோடு ஆடிய செல்சி, தன் பாக்ஸுக்குள்ளேயே நின்று பார்சிலோனாவைத் தடுத்துக்கொண்டிருந்தது, மெஸ்ஸி பெனால்டியைக் கிராஸ்பாரில் அடித்தார், கடைசியில் எல்லாரும் முன்னால் போயிருக்க டோரஸ் தனியாளாகப் பந்தை எடுத்துக்கொண்டு பாதி மைதானம் ஓடி முடித்துவைத்தார். குறைந்தது இரண்டு பேரையாவது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்து, அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் விடாதே.

ரொம்ப எழுதிவிட்டேன், கோச் நீ, உன் இஷ்டம். அடுத்த ஆட்டமும் அதே அணியோடுதான் என்றாயே, யாராவது ஒருத்தரை முழு ஆட்டத்தையும் போனில் எடுக்கச் சொல்லி அனுப்பு, ஆனால் மேலே ஏறி நின்று எடுக்கச் சொல், போன தடவை நீ அனுப்பியதில் முன்னால் நின்றவர்களின் தலைதான் தெரிந்தது. உன் பையனுக்கு வேலை கிடைத்ததா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கோல்கீப்பர்